ஆற்றங்கரையில் ஓர் இரவுத் தங்கல்: கோடைத் தீயினின்று காக்கும் முறைகள்

கால்நடையாகக் கோயில்களுக்குச் செல்லும் வழக்கம் நம் மாவட்டத்தில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூருக்கும் பழனிக்கும், ஆடியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கும், அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சதுரகிரிக்கும் மக்கள் கூட்டம் கூட்டமாகச் செல்வதை யாவரும் அறிவர். நெடுந்தொலைவு நடப்போர் வழியில் ஓர் இரவாவது தங்கியே ஆகவேண்டும். தண்ணீரும் நிழலும் சேர்ந்து கிடைக்குமிடம் ஆற்றங்கரை. ஆதலால் அங்கே கட்டுச்சுமையை இறக்கி வைத்து, மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, உண்டு உறங்கி, விடியுமுன் எழுந்து செல்கின்றனர்.

இத்தகைய தங்கலுக்குப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. சமமான தரை, தண்ணீர், ஒரு விளக்கு, கழிப்பிடம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். எனினும் ஐந்தாவதாக ஒன்றும் வேண்டும். அது தீக்காப்பு. வறண்ட காலத்தில் ஒரே இரவுக்காக மூட்டிய அடுப்பு, ஓர் ஊரின் ஓராண்டு உழைப்பை அழித்துவிடக்கூடும். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, அர்ச்சுனா ஆற்றின்மேல் நீர்த்தேக்கத்தைக் கொண்டுள்ள ஆனைக்குட்டத்தை முன்னிட்டு, இப்பொருளைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே கூற விழைகிறோம்.

இடமும் காலமும்

அர்ச்சுனா ஆறு மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலில் வத்திராயிருப்புப் பக்கத்து ஓடைகளின் நீரைப் பெற்றுக் கிழக்கு நோக்கி வந்து, ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்தைக் கடந்து, இருக்கன்குடியில் வைப்பாற்றுடன் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வாற்றில் மணலே மிகுதி, நீர் குறைவு. வடகிழக்குப் பருவமழையை நம்பியது நம் மாவட்டம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையால் கரையோரம் கோரையும் நாணலும் புல்லும் செழித்து வளர்கின்றன. தை பிறந்ததும் அவை மஞ்சளிக்கத் தொடங்கி, மாசிக்குள் சருகாகிவிடுகின்றன.

தீக்காலம் என்றால் மாசி முதல் வைகாசி வரை என்று பலர் எண்ணுகின்றனர். மலைக்காட்டைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரியே. தென்மேற்குப் பருவமழை வந்தவுடன் மலையின் உச்சியும் மேற்குப் புறமும் நனைந்துவிடும். ஆனால் மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கும் நம் கரிசல் காட்டுக்கு அம்மழை வருவதில்லை. காற்று மட்டுமே வருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று எவ்வளவு வலியது என்பதை அம்மி பறக்கும் பழமொழியே சொல்லும். இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளிக்குப் பெருங்கூட்டம் கூடுவது இக்காலத்திலேதான். எனவே நம் ஊர்களுக்குத் தீக்காலம் மாசியில் தொடங்கி ஆவணி வரை நீள்கிறது என்று கொள்வதே பாதுகாப்பாகும். இடையில் ஒரு கோடை மழை பெய்தாலும், மூன்று நான்கு நாள் வெயிலில் புல் மீண்டும் உலர்ந்துவிடும் என்பதை மறத்தலாகாது.

தீ எழும் நேரம்

தீ உண்டாவதற்கு மூன்று பொருள்கள் கூடவேண்டும்: எரிபொருள், வெப்பம், காற்று. இம்மூன்றில் ஒன்றை நீக்கினால் தீ இல்லை. தீயணைக்கும் முறைகள் யாவும் இதனுள் அடங்கும். ஆற்றங்கரைத் தங்கலில் இம்மூன்றும் எப்போது கூடுகின்றன என்பதைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும்.

இரவில் பூமி குளிர்கிறது, காற்று அடங்குகிறது, புல்லின்மேல் சிறிது ஈரம் படிகிறது. நூறு பேர் விழித்திருந்து சமைக்கும் முன்னிரவில் அடுப்பிலிருந்து பொறி பறந்தாலும், உடனே யாராவது கண்டு மிதித்து அணைத்துவிடுவர். வெயிலுக்கு முன் வழியைக் கடக்க வேண்டும் என்பதற்காக நடைப்பயணத்தார் விடியற்காலம் 3 மணிக்கோ 4 மணிக்கோ எழுந்து புறப்படுகின்றனர். இருட்டில் அடுப்பைப் பார்த்தால் சாம்பல் மட்டுமே தெரியும். அதன்மேல் ஒரு கை மணலைத் தள்ளிவிட்டுச் சென்றுவிடுகின்றனர்.

சாம்பல் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. குளிர்காலத்தில் நாம் போர்த்தும் கம்பளியைப் போல அது கங்கின்மேல் கவிந்து, உள்ளே கனல் பல மணி நேரம் இருக்கும்படி காக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்று நம் முன்னோர் கூறியது இதைத்தான். காலை 9 மணிக்கு மேல் வெயில் ஏற ஏறக் காற்று எழும்புகிறது. சாம்பல் பறந்து கங்கு வெளிப்படுகிறது. ஒரு சருகு உருண்டு வந்து அதன்மேல் விழுகிறது. அப்போது அங்கே ஒருவரும் இல்லை. அடுப்பு மூட்டியவர் பத்துக் கல் தொலைவு சென்றிருப்பார். புல் எரிந்து, வேலி எரிந்து, படப்பை எட்டிய பின்னரே ஊரார் புகையைக் காண்கின்றனர். ஆகவே இரவுத் தங்கலின் ஆபத்து இரவில் இருப்பதைவிட மறுநாள் முற்பகலில் மிகுதியாக இருக்கிறது. காவலும் அந்நேரத்திற்கே முதன்மையாக வேண்டும்.

எரிபொருள் எங்கே இருக்கிறது

நம் ஆற்றங்கரைகளில் இன்று மலிந்து நிற்பது சீமைக் கருவேலம். நடைப்பயணத்தார் ஒடித்து எரிப்பதும் பெரும்பாலும் அதுவே. அதன் கட்டை கெட்டியானது. எரிந்து முடிந்த பின்னும் கங்கு நெடுநேரம் நிற்கும். நம் மாவட்டத்திலும் இராமநாதபுரத்திலும் அதைக் கொண்டு கரிமூட்டத் தொழில் நடப்பதற்கு இக்குணமே காரணம். தொழிலுக்கு நன்மையான அக்குணம் கைவிடப்பட்ட அடுப்பில் தீமையாகிறது. வேப்பஞ்சுள்ளியோ சோளத்தட்டையோ எரிந்த அடுப்பு விரைவில் ஆறிவிடும். கருவேலங்கட்டை எரிந்த அடுப்பை மறுநாளும் நம்பக்கூடாது.

கரையைத் தாண்டினால் உழவரின் உடைமைகள். பருத்தி மார்க் கட்டுகள், மக்காச்சோளத் தட்டை, வைக்கோற் படப்பு, மாட்டுக் கொட்டம், ஆட்டுக்கிடை ஆகியவை வறண்ட காலத்தில் வரிசையாக நிற்கும் எரிபொருள்களே. பனைமரத்தில் தொங்கும் காவோலையில் தீப்பற்றினால் அது உயரத்திலிருந்து பொறிகளை வெகுதூரம் தூவும். எனவே தங்குமிடத்தை அடுத்த பனைகளின் காவோலைகளை மாசிக்கு முன்பே கழித்துவிடுதல் நலம்.

இவற்றிற்கு மேல், நம் வட்டாரத்திற்கே உரிய ஒன்று உண்டு. 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றி, பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. இன்று சுற்றுவட்டார ஊர்கள் பலவற்றில் பட்டாசு ஆலைகள் உள்ளன. உரிமம் பெற்ற ஆலைகள் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்கு உட்பட்டு, அறைகளுக்கிடையேயும் பிற இடங்களுக்கும் உரிய இடைவெளி விட்டே அமைக்கப்பட வேண்டும். ஆயினும் வேலிக்கு வெளியேயிருந்து புல்வழியே வரும் தீக்கு அவ்விதி தெரியாது. ஆலைக்கு அண்மையில் நடைப்பயணத்தார் தங்குவதை ஊராட்சி ஒருபோதும் அனுமதித்தல் கூடாது. கழிவு மருந்தையும் வெடிக்காத பட்டாசுகளையும் ஆற்றோரம் கொட்டுவதைக் கண்டால், அதைத் தொடாமல் உடனே காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்று நிகழ்ச்சிகள்

2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் மாண்டனர். சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றியதே அத்துயரத்திற்குக் காரணம். அடுப்புக்கு மேல் ஓலை இருக்கலாகாது என்ற பாடத்தை அது நாட்டுக்கு அளித்தது. திருவிழாக் காலத்தில் நிழலுக்காகப் போடும் தென்னங்கீற்றுப் பந்தலின் கீழே இன்றும் அடுப்பு மூட்டுவோர் உளர்.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அண்மையில் உள்ள முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். ஆலையில் வேலை செய்தோர் மட்டுமின்றி, புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் நெருங்கி வந்தோரும் அதில் சிக்கினர். வெடிபொருள் உள்ள இடத்தில் தீயைக் கண்டால் விலகிச் செல்வதும், பிறரை விலக்குவதுமே முதல் உதவி.

2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்திற்குச் சென்றிருந்தோரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. அதில் 23 பேர் உயிரிழந்தனர். காய்ந்த புல் நிறைந்த சரிவில், காற்றோடு வந்த தீ அவர்களை ஓடவும் விடவில்லை. மலைச்சரிவில் தீ மேல்நோக்கியே விரைந்து செல்லும். கீழே எரியும் சுடர் மேலேயுள்ள புல்லை முன்னதாகவே சூடாக்கி உலர்த்திவிடுவதே இதற்குக் காரணம். சரிவு 10 பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயியல் வல்லுநர் கொள்ளும் கணக்கு. இந்நிகழ்ச்சிக்குப் பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு விதிகளை வகுத்தது.

சதுரகிரிக்குச் செல்வோருக்கு இது நேரே பொருந்தும். திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. காப்புக்காட்டினுள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். மலையேறும் நாளும் நேரமும் அவ்வப்போது மாற்றப்படுவதால், புறப்படுமுன் வனத்துறையினரிடம் கேட்டறிந்து செல்ல வேண்டும். பீடி, தீப்பெட்டி, சூடம் ஆகியவற்றை மலையடிவாரத்திலேயே விட்டுச் செல்லுதல் முறை.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுத்தல்

தங்குவோர் தம் விருப்பப்படி கரை முழுவதும் சிதறிக் கிடந்தால் எவராலும் காவல் காக்க முடியாது. ஊராட்சி ஓரிடத்தைக் குறித்து, அங்கே தண்ணீரும் விளக்கும் வைத்தால், மக்கள் தாமாகவே அவ்விடம் வந்து சேர்வர். அதைக் குறிக்கும்போது பின்வருவனவற்றை நோக்க வேண்டும்.

முதலாவது, இடம் ஆற்றின் படுகையில் இருத்தல் ஆகாது. மணல் மெத்தென்று இருக்கிறதென்று அதில் படுப்போர் பலர். மேற்கே மலையில் பெய்யும் மழை இங்கே நமக்குத் தெரியாது. 2015 மே மாதத்தில் சதுரகிரி மலையில் ஓடைகளில் திடீரென்று பெருகிய வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரிழந்ததை மறக்கக்கூடாது. அணைக்குக் கீழே உள்ள ஊர்களில் மதகு திறக்கும் செய்தியையும் கருத வேண்டும். ஆகவே கரைக்கு மேலே, வெள்ளம் எட்டாத மேட்டு நிலமே தக்கது.

இரண்டாவது, அவ்விடத்திற்கு மேற்கே புல்வெளியும் கிழக்கே ஊரும் இருக்குமாறு அமைதல் கூடாது. நம் பகுதியில் தீக்காலத்துப் பெருங்காற்று மேற்கிலிருந்து வருவதால், மேற்கே எழும் தீ தங்குவோரை நோக்கியும், தங்குமிடத்தில் எழும் தீ ஊரை நோக்கியும் செல்லும். மேற்கே உழுது போட்ட தரிசோ, மணற்பரப்போ, பாதையோ இருப்பது நன்று.

மூன்றாவது, இடத்தைச் சுற்றி 10 அடி அகலத்திற்குப் புல் பூண்டின்றிச் செதுக்கி, மண் தெரியும்படி செய்துவிட வேண்டும். டிராக்டர் உள்ள ஊரில் இரண்டு சால் ஓட்டினால் போதும். வனத்துறையினர் காட்டில் அமைக்கும் தீத்தடுப்புக் கோடும் இதே முறையில் அமைந்ததே.

நான்காவது, இடத்திற்கு வண்டி வந்து திரும்பும் வழி வேண்டும். தீயணைப்பு ஊர்தி வரமுடியாத இடம் எவ்வளவு அழகாயிருப்பினும் தங்குவதற்குத் தக்கதன்று. வெளியேற இரண்டு பாதைகள் இருந்தால் இன்னும் நலம்.

ஐந்தாவது, நீரின் தூய்மை. ஆனைக்குட்டம் நீர்த்தேக்கம் விருதுநகர் நகரத்திற்குக் குடிநீர் அளித்து வருவது. கழிப்பிடம் நீர்விளிம்பிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி இருக்க வேண்டும். சாம்பலையும் எச்சில் இலையையும் ஆற்றில் தள்ளிவிட்டால் இடம் தூய்மையாயிற்று என்று கருதுவது பிழை. அது அடுத்தவர் குடிநீரைக் கெடுப்பதாகும்.

அடுப்பைக் குறைக்கும் வழி

25 குடும்பங்கள் தங்கினால் 25 அடுப்புகள் எரிகின்றன. ஓர் அடுப்பை நன்றாக அணைக்க இரண்டு குடம் தண்ணீர் வேண்டும். குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் வீதம் கணக்கிட்டால் மொத்தம் 750 லிட்டர் ஆகும். 200 லிட்டர் பீப்பாய்கள் நான்கு நிரம்பி நிற்க வேண்டும். வறண்ட காலத்தில் அவ்வளவு நீரை அணைப்பதற்காக மட்டும் தேடுவது எளிதன்று. அடுப்புகள் எட்டாகக் குறைந்தால் 240 லிட்டரே போதும். பீப்பாய் ஒன்றும் குடம் மூன்றும் அவ்வேலையை முடித்துவிடும்.

எனவே பொது அடுப்படி அமைத்தல் மிகச் சிறந்த வழி. தெற்கு வடக்காகச் செங்கல்லால் எட்டு அடுப்புகள் வரிசையாகக் கட்டி, மேற்குப் புறத்தில் மூன்றடி உயரத்தில் காற்றுத் தடுப்புச் சுவர் எழுப்பினால் பொறி பறப்பது பெரிதும் குறையும். கூரை வேண்டுமாயின் தகரத்தால் அமைக்கலாம், கீற்று ஆகாது. மகளிர் சுய உதவிக் குழுவினர் திருவிழாக் காலத்தில் அங்கேயே இட்டிலியும் கஞ்சியும் சமைத்து நியாயமான விலைக்கு விற்றால், பாதிப்பேர் அடுப்பே மூட்டமாட்டார்கள். குழுவிற்கு வருமானம், ஊருக்குப் பாதுகாப்பு.

இங்கே ஒரு மறுப்பு எழும். அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பொங்கல் வைப்போர், பிறர் மூட்டிய அடுப்பில் வைக்க இசையமாட்டார்கள். அந்த நம்பிக்கையை நாம் மதித்தே ஆகவேண்டும். தடை என்ற சொல்லைக் கேட்டால் அவர்கள் நூறு கெஜம் தள்ளிப் புதர் மறைவில் அடுப்பு மூட்டுவர். அது முன்னதினும் ஆபத்து. ஆகவே பொங்கலுக்கென்று தனியே ஒரு வரிசையைச் செதுக்கி, கற்களையும் ஊராட்சியே போட்டு, அவரவர் தம் அடுப்பைத் தாமே மூட்டும்படி விடுதல் நன்று. விறகையும் அங்கேயே குறைந்த விலைக்குக் கொடுத்தால், உழவரின் வேலிமுள்ளைப் பிடுங்கி எரிக்கும் வழக்கமும் நின்றுவிடும். வேலி போனதால் ஆடு மேய்ந்து பயிர் போயிற்று என்னும் வழக்கு நம் ஒன்றியங்களுக்குப் புதியதன்று.

அயல்நாடுகளிலும் இவ்வாறே செய்கின்றனர். அமெரிக்காவின் பொது முகாம்களில் இரும்பு வளையம் பதித்த இடங்களில் மட்டுமே தீ மூட்டலாம். வறட்சி மிகுந்தால் அதுவும் நிறுத்தப்படும். ஆஸ்திரேலியாவில் வெப்பமும் காற்றும் மிகுந்த நாட்களை முழுத் தீத்தடை நாட்களாக முன்னறிவிக்கின்றனர். அங்கே விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7ஆம் நாள் ஒரே நாளில் மூண்ட காட்டுத்தீக்களில் 173 பேர் மாண்டனர். செல்வமும் கருவிகளும் மிக்க நாட்டிலும், தீ மூண்ட பின் தடுப்பது கடினம் என்பதற்கு இது சான்று. பெருங்காற்று வீசும் நாளில் அடுப்பு மூட்டவேண்டாம் என்று தங்குமிடத்தில் சிவப்புக் கொடி ஏற்றுவதற்கு நமக்குப் பெரும் பொருட்செலவு எதுவும் இல்லை.

அணைக்கும் முறை

அடுப்பை அணைப்பது எவ்வாறு என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நாம் எண்ணுகிறோம். மணல் போட்டு மூடுவதே பலர் அறிந்த முறை. மணல் காற்றைச் சிறிது தடுக்குமேயன்றி வெப்பத்தை நீக்குவதில்லை. மேலும், வெறுங்காலுடன் நடக்கும் அடியவரும் குழந்தைகளும் மூடிய கங்கின்மேல் கால் வைத்துச் சுட்டுக்கொள்வர். சரியான முறை வருமாறு:

எரியாத கட்டைகளை வெளியே இழுத்துத் தனித்தனியே நனைக்க வேண்டும். கங்கைக் கம்பால் பரப்பி, அதன்மேல் ஒரு குடம் நீரை மெல்ல ஊற்ற வேண்டும். சாம்பலும் நீரும் கூழாகும்படி கிளற வேண்டும். இரண்டாம் குடத்தையும் ஊற்றி மீண்டும் கிளற வேண்டும். கற்களைப் புரட்டி அவற்றின் அடியையும் நனைக்க வேண்டும். இறுதியில் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுசென்று பார்த்து, சூடு தெரியாவிட்டால் தொட்டுப் பார்க்க வேண்டும். கைக்குச் சுட்டால் அடுப்பு அணையவில்லை. பாத்திரம் கழுவிய நீரையும் அரிசி களைந்த நீரையும் இதற்கென்று சேர்த்து வைத்தால் நல்ல நீர் மிச்சப்படும்.

இவ்வளவையும் ஒவ்வொருவரும் செய்வர் என்று நம்பியிருக்க முடியாது. ஆதலால் திருவிழா நாட்களில் ஊராட்சி இருவரைக் காவலுக்கு அமர்த்த வேண்டும். அவர்கள் காலை 5 மணிக்கு, கூட்டம் புறப்பட்டவுடன், ஒவ்வோர் அடுப்பையும் பார்த்து நீர் ஊற்ற வேண்டும். காற்று எழுமுன், 8 மணிக்கு, மறுபடி ஒரு சுற்று வரவேண்டும். இந்த இரண்டாம் சுற்றைக் கைவிடலாகாது. முதற் சுற்றில் இருட்டில் தப்பியதைப் பகல் வெளிச்சம் காட்டிவிடும்.

தீ பரவிவிட்டால்

முதலில் 101 என்ற எண்ணிற்கோ 112 என்ற எண்ணிற்கோ தெரிவிக்க வேண்டும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்களில் தீயணைப்பு நிலையங்கள் உள்ளன. இடத்தைச் சொல்லும்போது ஊராட்சியின் பெயர், அருகிலுள்ள கோயில் அல்லது பாலம், வண்டி வரக்கூடிய பாதை ஆகியவற்றைக் கூற வேண்டும். ஆற்றங்கரை என்று மட்டும் சொன்னால் பயனில்லை. வெளியூரார் தங்குமிடம் ஆதலால், இவ்விவரங்களைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வைத்தல் இன்றியமையாதது.

முழங்கால் உயரத்திற்குக் குறைந்த புல்தீயைப் பச்சை வேப்பங்குழையாலும் நனைத்த சாக்காலும் அடித்து அணைக்கலாம். அடிப்போர் எரிந்து முடிந்த பக்கத்தில் நின்று, தீயின் பின்புறத்திலும் ஓரங்களிலும் தொடங்கி முன்னேற வேண்டும். காற்றுச் செல்லும் திசையில் தீக்கு முன்னால் நின்று அடிப்பது உயிருக்கு ஆபத்து. சுடர் ஆளுயரத்திற்கு வந்துவிட்டால் அடிப்பதை விட்டுவிட்டு மக்களையும் கால்நடைகளையும் அகற்றுவதே செய்யத்தக்கது. கட்டியுள்ள மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும். நேரமில்லையேல் கயிற்றை அறுத்துவிட வேண்டும்.

தப்பிச் செல்வோர் காற்று வரும் திசைக்குக் குறுக்கே நடந்து, உழுத நிலத்தையோ, ஈர மணலையோ, ஏற்கெனவே எரிந்த கரிந்த தரையையோ சேர வேண்டும். புதருக்குள் ஒளிவதும், மேட்டின்மேல் ஏறி ஓடுவதும் ஆகா. ஆடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும். செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்; அடுப்பருகே பருத்தி ஆடையே நல்லது.

தீப்புண்ணின்மேல் மையும், பற்பசையும், முட்டையும், சாம்பலும் பூசுவது நம் மக்களிடையே இன்னும் உள்ள பழக்கம். அவற்றால் புண் சீழ்ப்பிடிக்கும். சுட்ட இடத்தில் தூய தண்ணீரை 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. தூய துணியால் தளர்வாக மூடி, 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

உழவர் செய்ய வேண்டுவன

நடைப்பயணத்தார்மீது மட்டும் பொறுப்பைச் சுமத்துவது நீதியாகாது. சோளத்தட்டையையும் வரப்புப் புல்லையும் வெட்டிய கருவேல முள்ளையும் கொளுத்தித் துப்புரவு செய்யும் வழக்கம் நம் உழவரிடமும் உண்டு. திருவிழா வாரத்தில் இதை அறவே நிறுத்த வேண்டும். மற்ற நாட்களிலும் தட்டையைத் துண்டாக்கி மண்ணில் மடக்கி உழுதால் நிலத்திற்கு எருவாகும். கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைக்கவும் அது உதவும். படப்புகளை ஆற்றங்கரைப் பாதையை ஒட்டிப் போடாமல், ஒன்றிற்கும் மற்றொன்றிற்கும் இடையே போதிய இடைவெளி விட்டுப் போடவேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்தால் ஒரு பொறியில் எல்லாம் போய்விடும். மாட்டின் ஓராண்டுத் தீனி அதுவே என்பதை உழவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஊராட்சி செய்ய வேண்டுவன

இவை யாவும் திருவிழா வந்த பின் நினைத்தால் நடவா. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் ஜனவரி 26ஆம் நாள் கூட்டம் தீக்காலத்திற்குச் சற்று முன்னர் அமைந்திருப்பது நமக்கு வாய்ப்பு. அன்று தங்குமிடத்தைத் தீர்மானித்து, காவலர் இருவரையும், பீப்பாய்களுக்கு நீர் நிரப்புவோரையும், பலகை எழுதுவோரையும் பெயர் சொல்லிக் குறித்துவிட வேண்டும். எல்லோர்க்கும் உரிய வேலை ஒருவர்க்கும் உரியதாகாது. மார்ச் 22ஆம் நாள் கூட்டத்தில் வேலை முடிந்ததா என்று பார்க்கலாம். மே 1ஆம் நாள் கூட்டத்தில் ஆடித் திருவிழாவுக்கு வேண்டியவற்றை ஆராயலாம். ஆற்றுப் புறம்போக்கில் எதைச் செய்வதாயினும் நீர்வளத் துறையினரையும் வருவாய்த் துறையினரையும் முன்கூட்டியே கலந்துகொள்ள வேண்டும்.

காட்டை அடுத்த ஊராட்சிகள் மற்றொரு வசதியையும் பயன்படுத்தலாம். இந்திய வன அளவைத் துறை செயற்கைக்கோள் வாயிலாகக் கண்டறியும் தீயைப் பற்றிய எச்சரிக்கையைப் பதிவு செய்துகொண்டோரின் கைப்பேசிக்கு அனுப்புகிறது. ஆயினும் செயற்கைக்கோள் நாளில் சில முறையே நம் தலைக்கு மேல் கடக்கிறது. சிறு புல்தீ அதன் கண்ணுக்குத் தப்பக்கூடும். காலை 8 மணிக்குச் சுற்றிவரும் காவலருக்கு ஈடாக அதைக் கொள்ள முடியாது.

செலவைக் கணக்கிட்டால், செங்கல் அடுப்பு வரிசை, சில பீப்பாய்கள், ஒரு பலகை, ஒரு விளக்கு, சில நாட்களுக்கு இருவர் கூலி என்பதற்கு மேல் இல்லை. ஒரு படப்பின் விலையோடும் ஒரு சோடி மாட்டின் விலையோடும் இதை ஒப்பிட்டு உறுப்பினர்களே முடிவு செய்யலாம். மனித உயிருக்கு விலை கூற நாம் முற்படவில்லை.

வழிநடப்போருக்குச் சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்துப் புகழ் பெற்ற நாடு நம் நாடு. அந்த அறம் இன்றும் நம் சிற்றூர்களில் குறையவில்லை. மோர்ப்பானை வைக்காத ஊர் அரிது. அப்பானைக்குப் பக்கத்தில், அடுப்பை அணைப்பதற்கென்று ஒரு பீப்பாய்த் தண்ணீரும் ஒரு கிளறுகம்பும் வைக்குமாறு ஊராட்சிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.